மோட்டார் ரூம் கலர்

பங்குனி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. பாத்ரூமுக்கு என்ன கலர் அடிப்பது. பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட இவ்வளவு பேச்சு ஓடியிருக்காது. தேனியில் இருந்து நானும், கோயம்புத்தூரில் இருந்து அண்ணனும், கேரளாவில் கட்டப்பனையில் இருந்து தங்கையும் போனில் மல்லுக்கு நின்றோம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒழுங்காகத் தூங்கி வெகு நாளாகியிருந்தது.

காரணம் அப்பா. மாசி மாதத்தில்தான் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அதுவரை உத்தமபாளையத்துக்கும் ராயப்பன்பட்டிக்கும் நடுவில், ரோட்டோரம் இருந்த எங்கள் தோட்டமே கதி என்று கிடந்தார். அம்மா போன பிறகு அவருக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியது. பார்க்க ஆள் இல்லாமல் தோட்டத்தை விற்றோம். மறதி வியாதி என்று டாக்டர் சொன்னபோது, சாவியை வைத்த இடத்தை மறப்பார், சாப்பிட்டதை மறப்பார் என்று நினைத்திருந்தேன். அப்பா தோட்டத்தை விற்றதை மறந்தார். நான் யார் என்பதை மறந்தார். தண்ணீர் பாய்ச்சுவதை மட்டும் மறக்கவே இல்லை. திடீர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "கரண்டு வந்துருச்சா தாயி?" என்பார். மும்முனைக் கரண்ட் வருகிற நேரத்தில்தான் தோட்டத்தில் மோட்டார் ஓடும். அது பகலிலும் வரும், நடுச்சாமத்திலும் வரும். அந்த முறைக்கு எழுந்து பழகிய உடம்பு தேனிக்கு வந்தும் எழுந்துகொண்டே இருந்தது. அவர் எழுந்தால் நானும் எழ வேண்டும்.

எங்கள் வீடு சின்னது. முன்னறையில் என் தையல் மிஷின். திருவிழா நெருங்கினால் ஜாக்கெட் துணிகள் குவிந்துவிடும். என் வீட்டுக்காரர் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகலெல்லாம் அப்பாவும் நானும் மிஷினும்தான்.

தூக்கம் போனதைக்கூடச் சமாளித்திருப்பேன். பாத்ரூம்தான் என்னைச் சாய்த்தது.

வீடு கட்டும்போது சுவருக்கும் டைல்ஸ் ஒட்டும் அளவுக்கு எங்களுக்குக் கை எட்டவில்லை. தரைக்கு மட்டும் ஒட்டிவிட்டு, பாத்ரூம் சுவரை வழுவழுவென்று பூசி எனாமல் பெயிண்ட் அடித்திருந்தோம். அப்பா வரப்போகிறார் என்று என் வீட்டுக்காரர் அதற்குப் புதிதாக வெள்ளை அடித்து வைத்தார். பாலாகப் பளிச்சென்று இருந்தது. அப்பா வந்த அன்றே கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர் சட்டென்று பின்வாங்கினார்.

"யாரோ குடியிருக்காக போலயே தாயி."

"யாரும் இல்லப்பா. பாத்ரூமுதான். உள்ள போங்க."

"வெள்ளையடிச்சுல்ல வச்சிருக்காக. அங்கன போயி எப்பிடி ஒண்ணுக்கு இருக்கது? பாத்தா என்ன நெனைப்பாக?"

அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளையடித்த சுவர் என்றால் அவருக்கு அது மனுஷர் குடியிருக்கிற வீடு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே தெருவில் இறங்கினார். எதிர்வீட்டுக் காம்பவுண்டை ஒட்டி ஒரு முருங்கைமரம் உண்டு. அதன் தூரில் போய் நின்றார். அன்று தொடங்கி அந்த முருங்கைதான்.

எதிர்வீட்டு அக்கா நல்ல மாதிரி. முதலில் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போய்விட்டார். பிறகு ஒருநாள் தைக்கக் கொடுக்க வந்தபோது துணியை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "வயசானவுக, ஒண்ணும் சொல்லக் கூடாதுதாம்மா. ஆனா எங்க வீட்டுல வயசுப்பிள்ளைக இருக்குல்ல. பாத்துக்கங்க." நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அளவெடுக்க டேப்பைக் கையில் எடுத்தவள், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கேட்டைப் பூட்டிப் பார்த்தோம். கேட்டுக்கு உள்ளேயே காரியம் நடந்தது. டயப்பர் போட்டுப் பார்த்தோம். "எவன்டா இந்தக் கோமணத்தைக் கட்டுனவன்? கட்டத் தெரியாட்டி எதுக்குக் கட்டுறான்?" என்று அவிழ்த்து வீசினார். அது போய் என் மிஷின் மேல் விழுந்தது.

தாங்க முடியாமல் ஒருநாள் அண்ணனிடம் போனில் அழுதுவிட்டேன். 

"உன்னால முடியாது பாப்பா. ஒத்தையில கெடந்து சாகாத. ஆண்டிபட்டிக்குப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. நல்லாப் பாத்துக்கிறாகளாம். பேசிட்டேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு வாரேன்ல, அப்பக் கூட்டிட்டுப் போயி விட்டுருவோம்."

அண்ணன் கெட்டவன் இல்லை. என் குரலைக் கேட்டுப் பயந்துபோய்த்தான் சொன்னான். எனக்கும் அந்த நிமிஷம் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்பா போய்விட்டால் கட்டையைச் சாய்த்துத் தூங்கலாம். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

ஆனால் ஒரு விஷயம் என்னைத் தடுத்தது. அப்பா ஒருநாளும் பாத்ரூம் என்று கேட்க மாட்டார். வயிறு முட்டினால், "மோட்டார் ரூமுக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார். தோட்டத்தில் பல் விளக்குவது, குளிப்பது, ஒதுங்குவது எல்லாம் கிணற்று மோட்டார் இருந்த அந்த அறையை ஒட்டித்தான் அவருக்கு. எனக்கு அது புரியும். ஆண்டிபட்டியில் முகம் தெரியாத ஓர் ஆயாவிடம் போய் மோட்டார் ரூமுக்குப் போகணும் என்று அப்பா கேட்டால் அவள் என்ன செய்வாள்? இங்கே மோட்டாரும் இல்லை ஒன்றும் இல்லை, பேசாமல் படுங்கள் என்பாள். அப்பா நனைந்துபோய்க் கிடப்பார்.  திருவிழாவுக்குள் அவர் பாத்ரூமுக்குப் போய்ப் பழகிவிட்டால் என்னோடு இருப்பார், இல்லாவிட்டால் ஆண்டிபட்டி. விஷயம் அவ்வளவுதான்.

ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அந்த யோசனை வந்தது. அவரைப் பாத்ரூமுக்குப் பழக்க முடியாது. பாத்ரூமை மோட்டார் ரூம் ஆக்கிவிட்டால்? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"உங்கப்பாவுக்குத்தான் இப்பிடின்னு நெனைச்சேன்" என்றார்.

கிண்டல்தான். ஆனால் மறுநாளே பெயிண்டரிடம் சொல்லி வைத்தவரும் அவர்தான்.

இப்போது கேள்வி, மோட்டார் ரூம் என்ன கலர்? எங்கள் பக்கம் ரோட்டோரம் தோட்டம் வைத்திருப்பவர்கள் மோட்டார் ரூமுக்கு வெள்ளையடிப்பதே கிடையாது. சிமெண்ட் கம்பெனி, உரக் கம்பெனி, விதைக் கம்பெனி என்று யாராவது வந்து, "அய்யா, செவுத்துல எழுதிக்கிடவா?" என்று கேட்பார்கள். "எழுதிக்க, செவுரு சும்மாதான கெடக்கு" என்பார் அப்பா. பொழுது சாய்வதற்குள் சுவருக்குக் கலர் ஏறி, பஸ்ஸில் போகிறவர்கள் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் விளம்பரம் வந்துவிடும். மழையிலும் வெயிலிலும் அது வெளுக்கிறபோது அடுத்த கம்பெனி வரும்.

நான் மஞ்சள் என்றேன். மஞ்சள் சுவரில் கறுப்பு எழுத்து, சிமெண்ட் விளம்பரம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த மஞ்சள் கண்ணில் பட்டதும் பையை எடுத்துக்கொண்டு பஸ் படிக்கு வந்துவிடுவேன்.

"மஞ்சளா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சுருச்சா அக்கா? நல்ல நீலமாக்கும். உரக் கம்பெனிக்காரன் அடிச்சது" என்றாள் தங்கை. அவள் கட்டப்பனைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் அவள் பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது.

"ரெண்டும் இல்ல. செகப்பு. விதைக் கம்பெனி" என்றான் அண்ணன்.

யாரும் பொய் சொல்லவில்லை. எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகம். அவரவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் எந்தக் கம்பெனி சுவரில் இருந்ததோ அதையே பிடித்துக்கொண்டு நின்றோம். பழைய ஆல்பத்தில் அண்ணன் மோட்டார் ரூமின் முன்னால் சைக்கிளோடு நிற்கிற படம் ஒன்று இருந்தது. ஆசையாகத் தூசி தட்டி எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படம். நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. தோட்டத்தை வாங்கியவர்கள் பிளாட் போடுவதற்கு மோட்டார் ரூமை இடித்துப் பாதை ஆக்கிவிட்டார்கள். கடைசியில் அப்பாவிடமே கேட்டேன்.

"அப்பா, நம்ம மோட்டார் ரூமு என்ன கலருப்பா?"

"மோட்டார் ரூமு மோட்டார் ரூமு கலருதான்" என்றார். நான் என்னவோ மடத்தனமாகக் கேட்டுவிட்டதுபோல ஒரு பார்வை வேறு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இவரிடம் விட்டுவிட்டுப் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் கலர் அட்டையை விரித்தார். "பாத்ரூமுக்குத்தான மேடம்? லைட்டாப் போங்க. ஐவரி, பிஸ்தா, லைட் ரோஸ். இப்ப எல்லாரும் அதான் எடுக்காக." எனக்குக் கலர் என்றால் துணிதான். மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, அரக்கு, வாடாமல்லி. ஜாக்கெட்டுக்கு லைனிங் எடுக்கும்போது ஒரு பொட்டு பிசகினாலும் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் சின்ன வயதில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த மஞ்சளை எதோடு வைத்துப் பொருத்துவது? அட்டையில் மஞ்சளே ஒரு பக்கம் நிறைய இருந்தது. பார்க்கப் பார்க்கக் கண் எரிந்தது. அட்டையை மூடிக் கொடுத்துவிட்டேன்.

"ரோட்டுல சிமெண்ட் விளம்பரம் எழுதுவாகல்ல, அந்த மஞ்சள் குடுங்க" என்றேன்.

"கடை எதும் ஆரம்பிக்கிறீகளா மேடம்?"

"பாத்ரூமுக்குத்தான்."

அவர் டின்னை எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

பெயிண்டர் வாயாடி. மூடியைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "அக்கா, இதை அடிச்சா உள்ள உக்காந்திருக்கது ஆட்டோவுல உக்காந்த மாதிரி இருக்கும். அடிச்ச பெறகு என்னையத் திட்டக் கூடாது." அடித்து முடித்ததும் அப்படித்தான் இருந்தது. உள்ளே விளக்கைப் போட்டால் கண் கூசியது. வாடை அடங்கியதும் அப்பாவைக் கூட்டிப் போனேன். வாசலில் நின்று சுவரைத் தடவினார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"எழுத்துக்காரன் இன்னும் வரலையா தாயி?" என்றார்.

 அந்த மஞ்சளை அவருக்குத் தெரிந்துவிட்டது! "வருவாகப்பா. நீங்க உள்ள போங்க" என்றேன்.

"உள்ளயா? நான் பின்னாடி போறேன்" என்றவர் திரும்பி நடந்தார். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே பின்வீட்டு அடுப்படி ஜன்னல் இருக்கிறது. முருங்கைமரமே தேவலை.

அடுத்து நீலம். தங்கை போனிலேயே குதித்தாள், நான் அப்பவே பறஞ்சேன்ல என்று. பெயிண்டர் மஞ்சளின் மேல் நீலம் ஏற்றினார். அப்பா வந்து பார்த்தார். "உரம் வந்துருச்சா? மூட்டையை நனையாம வைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். பின்வீட்டுக்காரி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். தெருவில் நான் தலை குனியாமல் நடக்கக்கூடிய திசை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சிவப்பை முழுதாக அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. சின்ன டின் வாங்கி, கதவுக்கு எதிர்ச் சுவரில் ஒரு துணி அகலத்துக்கு மட்டும் அடிக்கச் சொன்னேன். அதைப் பார்த்ததும் அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். "கிணத்துல வெடி வைக்கிறாக! சிவப்புத் துணி கட்டிருக்கு, தெரியல? தள்ளி வா, தள்ளி வா!" என்று என்னைத் தெருமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடினார். செருப்பில்லாத கால், சித்திரை வெயில். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் அப்படியே கிடந்தன. வாங்க வந்தவர்கள் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பெயிண்டர் மிச்ச டின்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் கொஞ்சம், நீலம் கொஞ்சம், சிவப்பு முக்கால் டின்.

"இப்ப என்ன செய்யிறதுக்கா? சுவரு திட்டுத் திட்டா நிக்குது. பழையபடி வெள்ளையே அடிச்சுருவமா? வெள்ளை வாங்கணும்."

"வாங்க வேணாம். இருக்கதை எல்லாம் ஒண்ணாக் கொட்டி அடிச்சு விடுங்க" என்றேன்.

"ஒண்ணாக் கொட்டுனா என்ன கலரு வரும்னு..."

"என்ன எழவும் வரட்டும்."

நான் யோசித்துச் சொன்னது இல்லை அது. அண்ணன் வந்து கூட்டிப் போகப் போகிறான், அதற்குப் பிறகு சுவர் எந்தக் கலரில் இருந்தால் எனக்கென்ன என்ற சலிப்பில் சொன்னது. கொட்டிக் கலக்கியதில் வந்த கலருக்கு என்னிடம் துணிப் பெயரே இல்லை. பச்சை என்றால் பச்சை இல்லை, காவி என்றால் காவியும் இல்லை. காய்ந்த சாணி மாதிரி ஒரு மங்கல். அதுவும் சுவர் முழுதுக்கும் போதவில்லை. தலை உயரத்துக்கு மேலே எட்டிய வரைக்கும் இழுத்துவிட்டு நிறுத்திவிட்டார். "அக்கா, நான் அடிச்சேன்னு மட்டும் வெளிய சொல்லிராதீக" என்று சொல்லி பிரஷ்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் வருவதற்கு முந்தின நாள் காலையில் நான் அப்பாவின் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். "மோட்டார் ரூமுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்தார். நான் தடுக்கவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. முருங்கையோ துவைக்கிற கல்லோ, எங்கேயோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பாத்ரூமுக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா உள்ளே நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். வாளியைக் கவிழ்த்து வைத்து, வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, தினமும் வந்து போகிற இடம்போலச் சாவகாசமாக வெளியே வந்தார். மத்தியானமும் போனார். சாயங்காலமும் போனார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வராமல் போனது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. பை கட்டி முடித்தாயிற்று, நாளைக்கு ராத்திரி தூங்கலாம் என்று என் உடம்பு முடிவு செய்துவிட்டது. அதனிடம் போய் இனி எப்படிச் சொல்வது?

மறுநாள் அண்ணன் வீரபாண்டியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்தான். சாப்பிட்டான். வாசலில் கார் நின்றது. முன்னறையில் பை தயாராக இருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அண்ணனை யாரோ வியாபாரி என்று நினைத்துத் தேங்காய் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பாத்ரூம் விஷயத்தைச் சொல்லாமல் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது மட்டும் எழுந்துவிடாதீர்கள் அப்பா, கார் கிளம்புகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கழுவினேன். அவர் எழுந்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

"மோட்டார் ரூமுக்குப் போயிட்டு வாரேன்" என்று அப்பா எழுந்தார்.

அண்ணன் பதறிப்போய் வாசல் கதவைச் சாத்த ஓடினான். அப்பா அவனைத் திரும்பியும் பார்க்காமல் உள்பக்கமாக நடந்து பாத்ரூமுக்குள் போனார். அண்ணன் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றான். நான் ஈரக் கையோடு வந்தேன். அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கலரை எங்க பாப்பா பிடிச்ச?"

"பிடிக்கல. மிச்சத்தை எல்லாம் ஒண்ணாக் கொட்டி அடிச்சது."

அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் சிரிப்பு வேறு மாதிரி ஆகி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "அவரும் அதான செஞ்சாரு. வெளம்பரம் எழுதுறவங்க டின்னு அடியில மிச்சம் விட்டுட்டுப் போவாகல்ல, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி உள்செவுத்துக்கு அடிப்பாரு. பத்தாது. எட்டுன மட்டும் இழுத்துட்டு விட்டுருவாரு. உள்ள இந்தக் கலருதான் எப்பவும்."

கரண்ட் பயத்தில் பொட்டப்பிள்ளைகளை மோட்டார் ரூமுக்குள் விட மாட்டார் அப்பா. நானும் தங்கையும் அதன் உள்ளே பார்த்ததே கிடையாது. அதற்குக் கதவு பின்பக்கமாம்; உள்ளே மூலையில் தண்ணீர் போக ஓர் ஓட்டை விட்டு, பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படாமல் அவர் அங்கேதான் ஒதுங்குவாராம். அதுவும் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் பங்குனி முழுக்க அடித்துக்கொண்டது ரோட்டில் போகிறவர்களுக்கான சுவரைப் பற்றி. அவர் இருந்தது உள்ளே.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"நீ மோட்டார் ரூமு என்ன கலருன்னுதான கேட்ட? உள்ளயா வெளியயான்னு கேக்கலையே" என்றான்.

கலரால்தான் அப்பா உள்ளே போனாரா, கண்ணைக் கூசவைத்த பளிச்சு போனதால் போனாரா, எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டால் வேறு ஏதாவது சொல்வார். அண்ணன் யோசித்துக்கொண்டே முன்னறைக்கு வந்து பையைத் தூக்கினான். தூக்கிக் கொண்டுபோய் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தான். "இங்கனயே இருக்கட்டும் பாப்பா" என்றான். இல்லத்துக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னான். எனக்குத் துணைக்கு ஓர் ஆள் பார்க்கிறேன் என்றான். பார்ப்பான். பார்க்காமலும் இருப்பான்.

அவன் கார் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். நினைத்தது நடந்துவிட்டது. அப்பா என்னோடுதான் இருப்பார். இன்றைக்கும் எழுவார், நாளைக்கும் எழுவார், நானும் கூட எழுவேன். ஜாக்கெட் துணிகளைப் பார்த்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து நின்றேன்.

பாத்ரூமில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. நிறுத்தலாம் என்று போனேன். அப்பா குளிக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து, வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாணிக் கலர்ச் சுவருக்கு முன்னால் அவர் முகம் தெளிவாக இருந்தது. வந்த நாளிலிருந்து அவரை அப்படி நான் பார்க்கவில்லை.

"யாரு?" என்றார்.

"நான்தான்."

என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"ராவெல்லாம் தண்ணி பாச்சுனியாக்கும்?"

"ஆமா."

"மொகத்தைப் பாத்தாலே தெரியுதே. கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு. போயிப் படு தாயி. இனி தண்ணிய நான் பாத்துக்கிறேன்."

குழாயை நிறுத்த நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். முன்னறைக்கு வந்து, குவிந்து கிடந்த துணிகளின் மேலேயே தலையை வைத்துப் படுத்தேன். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாடித் தொட்டி காலியாகும் வரைக்கும் நான் தூங்கினேன்.